கொடையில் வில்லுப்பாட்டு கேட்பது எப்படி: முதல் தடவை போகிறவர்களுக்கு

வேலை மாற்றலாகித் திருநெல்வேலிக்கு வந்தவர்கள், பாளையங்கோட்டையில் படிக்க வந்த பிள்ளைகள், இந்தப் பக்கம் பெண் எடுத்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ராத்திரி உட்கார்ந்து, ஆளுக்கு முன்னால் ஆள் பாடி, நேரில் பாட்டு கேட்க இங்கே எங்கே போவது? சென்னையில் சபா இருக்கிறது, பெங்களூரில் ஜாஸ் கிளப் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்கிறார்கள். இங்கே கொடை இருக்கிறது, அதாவது அம்மன், சுடலைமாடன் மாதிரி ஊர்ச் சாமிகளின் கோயில் திருவிழா. பங்குனி கழிந்து சித்திரை பிறந்துவிட்டால் ஆடி முடிகிற வரைக்கும் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி, களக்காடு என்று ஏதாவது ஒரு பக்கத்தில் ஏதாவது ஒரு ஊரில் வில்லு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். டிக்கெட் கிடையாது. பந்தலில் இடம் இருக்கிறது, போய் உட்கார வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றும் தெரியாமல் போனால் என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறேன். ஒன்பது மணிக்குப் போவார்கள், அரை மணி நேரம் நிற்பார்கள், செல்போனில் இரண்டு நிமிடம் படம் பிடிப்பார்கள், "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். வில்லுப்பாட்டு அரை மணி நேரத்தில் பிடிபடுகிற சங்கதி இல்லை. ஒரு கதையைத் தொடக்கத்துக் காப்புப் பாட்டிலிருந்து கடைசி வாழ்த்தான வாழி வரைக்கும் ஒரே கொடையில் முழுசாகக் கேட்க வேண்டும். கீழே சொல்லியிருக்கிற எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் நோட்டீஸைப் படியுங்கள்

எந்த ஊரில் எப்போது கொடை என்பதைத் தெரிந்துகொள்ள டீக்கடைச் சுவர் போதும். கொடைக்கு எட்டு நாள் முன்னால் பந்தல்கால் நாட்டிவிடுவார்கள், நோட்டீஸ் பெரும்பாலும் அதற்கும் முன்னாலேயே ஒட்டப்பட்டுவிடும். அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, சுடலைமாடன் கோயில் என்றால் வெள்ளிக்கிழமை. நோட்டீஸில் 'வில்லிசை' என்று போட்டிருக்கும், ஊர்க்காரர்கள் வாயில் அது வில்லுப்பாட்டு, வயசானவர்கள் வாயில் வில்லடி. மூன்றும் ஒன்றுதான்.

நோட்டீஸில் நான்கு வார்த்தைகளைத் தேடுங்கள். குடியழைப்பு என்றால் முதல் நாள் ராத்திரி சாமியைக் கொடைக்கு அழைக்கிறது. மதியக் கொடை மறுநாள் உச்சி நேரத்துப் பூசை. சாமக் கொடை அன்று நள்ளிரவுப் பூசை, இதுதான் உச்சம். எட்டாம் பூசை எட்டு நாள் கழித்து வருவது, அதை விட்டுவிடலாம். வில்லுப்பாட்டு குடியழைப்பு ராத்திரியிலும் இருக்கும், கொடையன்று மதியமும் இருக்கும், சாமக் கொடைக்கு முன்னாலும் இருக்கும். முதல் தடவை போகிறவர் சாமக் கொடை ராத்திரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டு நாளும் இருக்க முடிந்தால் அதைவிட நல்லது, ஏனென்றால் முதல் நாள் தொடங்கிய கதையைத்தான் மறுநாளும் தொடர்ந்து பாடுவார்கள்.

பெரிய கோயில் கொடையைவிடச் சின்னக் கோயில் கொடைக்குப் போங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. பெரிய கொடைகளில் இன்னிசைக் கச்சேரி, பட்டிமன்றம், வாண வேடிக்கை என்று நிகழ்ச்சிகள் நெருக்கியடித்து நிற்கும், நடுவில் வில்லுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். நாற்பது ஐம்பது வரிக்காரர்கள், அதாவது கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள், சேர்ந்து நடத்துகிற கொடையில் வில்லுக்காரருக்கு ராத்திரி முழுவதும் சொந்தம். அங்கேதான் கதை நின்று நிதானமாக நடக்கும்.

கதை தெரிந்து போக வேண்டும்

இது ரொம்ப முக்கியம், புதிதாகப் போகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். பந்தலில் உட்கார்ந்திருக்கிற பாட்டிகளுக்குக் கதை முழுவதும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்க அவர்களுக்கு அவசியமில்லை, அந்த இடத்தை இவர் எப்படிப் பாடப்போகிறார் என்று கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் அந்த நிலைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தச் சாமியின் கோயிலோ அந்தச் சாமியின் கதையைத்தான் முக்கியமாகப் பாடுவார்கள், அதனால் எந்தக் கதை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது கஷ்டமில்லை.

சுடலைமாடன் கதை இப்படிப் போகும். கைலாசத்தில் பார்வதி பிள்ளை வரம் கேட்கிறாள். விளக்குச் சுடரிலிருந்து தெறித்து விழுகிற பொறி உருவமில்லாத முண்டமாகக் கிடக்கிறது, சிவன் அதற்கு உருவமும் உயிரும் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை ராத்திரியில் எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. கைலாசத்தில் வைத்திருக்க முடியாது என்று வரம் கொடுத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் மலையாளத்துக்குப் போகிறான், அங்கே மந்திரவாதி காளிப்புலையனோடு பெரிய மோதல், அதற்குப் பிறகு நம்ம பக்கம் வந்து ஊர் ஊராக நிலைகொள்கிறான். சீவலப்பேரி, ஊர்க்காடு, சிறுமளஞ்சி என்று அவன் பெயர் சொல்கிற ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அந்த முண்டத்துக்கு உயிர் வருகிற இடத்தையும், சுடுகாட்டுக்குப் போகிற இடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த கதை முத்துப்பட்டன் கதை. பிராமணன் முத்துப்பட்டன் காட்டுவழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிடுகிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை, தோல் வேலை செய்கிற சக்கிலியர். பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைத்துப் பழகிவிட்டு வா, பெண் தருகிறேன் என்கிறார் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாணம் ஆன ராத்திரியே மாட்டுக்கிடையில் கொள்ளை விழுகிறது, காக்கப் போன பட்டன் அங்கேயே சாகிறான், பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக இருக்கிறான், இன்றைக்கும் அங்கே காணிக்கை தோல் செருப்புத்தான். பிற்காலத்தில் சிலர் இந்தக் கதையை மாற்றி, அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் கண்டெடுத்த பிராமணக் குழந்தைகள் என்று பாட ஆரம்பித்தார்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இந்தக் கதையை எங்கே கேட்டாலும், அந்தப் பெண்கள் யார் என்று பாடகர் சொல்கிற இடத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வரியில் கதை திசை மாறிவிடும். வாலப்பகடையின் மகள்களாகவே பாடுகிறவரை எனக்கு அதிகம் பிடிக்கும், அந்தக் கதையின் வலுவே அதில்தான் இருக்கிறது.

இசக்கியம்மன் கதை, முத்தாரம்மன் கதை, சாஸ்தா கதை, பொன்னிறத்தாள் கதை, தோட்டுக்காரி கதை என்று இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில், கல்லூரியில் இந்தப் பக்கத்து ஆள் கட்டாயம் ஒருவர் இருப்பார், அவரிடம் "உங்க ஊர் சாமி கதை என்ன?" என்று கேளுங்கள். மணிக்கணக்கில் சொல்வார். அப்படிச் சொல்கிறவரையே கூட்டிக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

போய்ச் சேருவது

திருநெல்வேலியிலிருந்து தெற்கே போகிற பேருந்துகள் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். நாகர்கோவில் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், நாங்குநேரி உள்ளே போகுமா, வள்ளியூர் உள்ளே போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், நான்குவழிச் சாலையிலேயே போய்விடுகிற வண்டிகளும் உண்டு. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுவது நல்லது. திரும்பி வருவது காலையில் முதல் பேருந்தில்தான், நடுராத்திரியில் வண்டி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கையில் ஒரு பெட்ஷீட், ஒரு துண்டு, தண்ணீர், டார்ச். ஆடி மாதக் கொடை என்றால் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்று பேய்த்தனமாக அடிக்கும், காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. கண்ணில் மண் விழும், விடியற்காலையில் குளிரும். துண்டு இன்னொன்றுக்கும் உதவும், சில கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் தனியாகப் போவதைவிட அந்த ஊர்த் தோழி வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது எல்லா வகையிலும் வசதி, ராத்திரி கண் அயர்ந்தால் படுக்க ஒரு வீடு இருக்கும்.

போனதும் கோயில் பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாரிடமாவது "அண்ணாச்சி, வில்லு கேக்க வந்திருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். "எங்கயிருந்து வாறீய? சாப்ட்டியளா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள், நாற்காலி வந்துவிடும். நாற்காலியை மரியாதையாக மறுத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். ஏன் என்று அடுத்து வருகிறது.

எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது

பந்தலின் இரண்டு முனையிலும் ரேடியோ செட்காரர் கட்டியிருக்கிற பெரிய ஒலிபெருக்கி இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் பாடகர் குரலும் சலங்கையும் மட்டும்தான் கேட்கும். குடத்தின் சத்தம் அதில் அமுங்கிப் போகும். குடம் கேட்கவில்லை என்றால் வில்லுப்பாட்டில் பாதி போச்சு. அதனால் மேடைக்கு நேர் முன்னால், குடம் வைத்திருக்கிற பக்கமாக, பத்தடி தூரத்துக்குள் தரையில் உட்காருங்கள். அங்கே ஏற்கெனவே சின்னப் பிள்ளைகள் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கும், கொஞ்சம் நகர்த்திவிட்டு இடம் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது மேடையைப் பாருங்கள். நடுவில் நீளமான வில். அதன் உடம்புக்குக் கதிர் என்று பெயர், வைரம் பாய்ந்த பனையில் செதுக்குவார்கள், வரிசையாக மணிகள் தொங்கும். நாணைத் தோலில் முறுக்கிக் கட்டுவது பழைய வழக்கம். வில்லுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலைமைப் பாடகர், அவரைப் புலவர் என்பார்கள், அண்ணாவி என்பார்கள். அவர் இரண்டு கையிலும் இருக்கிறது வீசுகோல். அதை வீசி நாணில் அடிக்கும்போது மணியும் சேர்ந்து குலுங்கும். வீசுகோலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றிவிட்டுத் தாளம் பிசகாமல் நாணில் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்கவே கண்கொள்ளாது.

வில்லோடு சேர்ந்து இருக்கிறது மண் குடம். குடம் அடிப்பவர் ஒரு கையில் பத்தி என்கிற மட்டையால் குடத்தின் வாயில் அறைவார், மறு கையால் குடத்தின் பக்கவாட்டில் தட்டுவார். வாயில் அறைகிறபோது வருகிற அந்தக் 'கும்' சத்தம் வயிற்றில் வந்து உட்காரும். மற்றவர்கள் உடுக்கை, ஜால்ரா, கட்டைத்தாளம் வைத்திருப்பார்கள், இப்போது பல குழுக்களில் ஆர்மோனியமும் உண்டு. பின்பாட்டு பாடுவதும், புலவர் சொல்கிற ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவதும் அவர்கள் வேலை. இந்த "ஆமா"வைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சந்தேகமாக ஒரு ஆமா, வருத்தமாக ஒரு ஆமா, அப்படியா என்று கேட்கிற மாதிரி ஒரு ஆமா என்று ஒரே சொல்லில் கதை கேட்கிற ஊரையே அவர்கள் மேடையில் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள்.

பாட்டு எப்படி மாறுகிறது என்று கவனித்தால் சீக்கிரம் பிடிபடும். விருத்தம் பாடும்போது தாளம் நின்றுவிடும், குரல் மட்டும் நீளமாகப் போகும். அது முடிந்ததும் வில்லும் குடமும் ஒன்றாக இறங்கும். நடுவில் வசனமாகக் கதை சொல்வார். மறுபடி பாட்டு, இந்தத் தடவை கொஞ்சம் வேகம். இந்த மூன்றும் மாறி மாறி வரும்.

ராத்திரியின் வரிசை

தொடக்கத்தைத் தவறவிட வேண்டாம். 'தந்தனத்தோம்' என்று எடுத்துக் காப்பு பாடுவார்கள். அப்புறம் என்ன கதை பாடப்போகிறோம் என்று வருபொருள் உரைத்தல், குருவைக் கும்பிடுகிற குருவடி, சபையிடம் பிழை பொறுக்கச் சொல்லும் அவையடக்கம், அதற்குப் பிறகு நாட்டு வளம். நாட்டு வளத்தில் ஆறும் மழையும் வயலும் வரும், இந்தப் பகுதியை நிறையப் பேர் பேசிக்கொண்டே கழித்துவிடுவார்கள், நீங்கள் கேளுங்கள், புலவரின் குரல் சூடேறுவது அங்கேதான். அதன் பிறகு கதை. கடைசியில் வாழி.

கதை போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த இடம் வரும். சுடலைக்கு உயிர் வருகிற இடம், மயானத்துக்குப் போகிற இடம் என்று குறித்து வைக்கச் சொன்னேனே, அங்கேதான். கோமரத்தாடி, அதாவது சாமியாடி, அதுவரைக்கும் கோயில் முன்னால் சும்மா நின்றுகொண்டிருப்பார். புலவரின் கண் கதையிலிருந்து அவர் பக்கம் திரும்பும். வேகம் கூடும். குடம் நெருக்கி விழும். சாமி வரத் தாமதமானால் அதே வரியைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லைக் கூட்டிப் பாடுவார். சாமி வந்துவிட்டால் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அழைப்புப் பாட்டுக்கு மாறிவிடுவார். சாமி ஆடி, மஞ்சள் நீராடி, திருநீறு கொடுத்து அடங்கின பிறகு, விட்ட வரியிலிருந்து தொடர்வார். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பந்தலில்தான் அது முடிவாகிறது.

ஜாஸ் கேட்டுப் பழகின நண்பர் ஒருவரை வள்ளியூர் பக்கம் ஒரு கொடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவருக்குத் தமிழே அரைகுறை. ரெண்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, "பாடுகிறவர் குடக்காரரைப் பார்க்கிறார், குடக்காரர் சாமியாடியின் காலைப் பார்க்கிறார், கவனிச்சீங்களா?" என்று கேட்டார். அத்தனை வருஷம் கேட்டும் நான் அதைக் கவனித்ததில்லை. அன்றிலிருந்து நானும் குடக்காரரின் கண்ணைத்தான் பார்க்கிறேன். நீங்கள் முதல் தடவையே பார்த்துவிடுங்கள்.

சாமி ஆடும்போது எழுந்து வழிவிட்டு நில்லுங்கள். சுடலை கோயில் என்றால் சாமத்துக்கு மேல் சாமி மயானத்துக்கு வேட்டைக்குப் போகும், பின்னால் போகக் கூடாது, ஊர்க்காரர்களே போக மாட்டார்கள். போனவர் திரும்பி வருகிற வரைக்கும் சில ஊர்களில் மேளமும் வில்லும் மௌனமாக இருக்கும். ராத்திரி முழுவதும் முழங்கிக்கொண்டிருந்த பந்தலில் திடீரென்று வருகிற அந்த அமைதியையும் கச்சேரியின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

பணம், செல்போன், சாப்பாடு

புலவருக்கு அன்பளிப்புக் கொடுக்கலாம், பாட்டின் நடுவிலேயே உங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாடிவிடுவார். கோயிலுக்கு நன்கொடை கொடுத்தால் ரசீது போடுவார்கள். எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீடியோ எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள், சாமியாடும்போது எடுக்கவே வேண்டாம், முகத்தில் வெளிச்சம் அடிப்பது ரொம்பத் தப்பு. சாமக் கொடை முடிந்து படப்புச் சோறு, அதாவது சாமிக்குப் படைத்த சோறு, கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கறி சாப்பிடாதவர் என்றால் முன்னாலேயே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். பந்தலுக்கு வெளியே மிட்டாய்க்கடையில் கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் கிடைக்கும், மூன்று மணிக்கு வருகிற தூக்கத்துக்கு அதுவும் சுக்குக் காப்பியும்தான் மருந்து.

வில்லோடு கூட வருகிறவை

பல கொடைகளில் நையாண்டி மேளமும் இருக்கும், இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தாளம் என்று காதைப் பிளக்கிற மகிழ்ச்சி. சுடலை கோயில்களில் கணியான் கூத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். கணியான் என்கிற பழங்குடியினர் பரம்பரையாகச் செய்வது. மகுடம் என்கிற இரண்டு பறைகள், ஒன்று உச்சம், ஒன்று மந்தம், நடுவில் அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். சாமத்தில் கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கிற கைவெட்டுச் சடங்கும் சில இடங்களில் உண்டு, மனசு தாங்காது என்றால் அந்த நேரம் வெளியே வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மேடையில் மட்டும் வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகர்கோவில்காரரான என். எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். அவரிடம் சேர்ந்து வளர்ந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 1928இல் நம்ம சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர், காந்தி கதையிலிருந்து குடும்பக்கட்டுப்பாடு வரைக்கும் வில்லில் பாடிய காலம் அது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருஷமே காலமானார். அந்த வழியில் வந்தவர்கள் பாடுவதும் அருமைதான், ஓரிரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வார்த்தை தெளிவாக இருக்கும். தொடக்கத்துக்கு அதை இரண்டு கேட்டுவிட்டுக் கொடைக்கு வந்தால் காது பழகியிருக்கும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கூப்பிட்டால் சாமி வர வேண்டும் என்கிற பொறுப்போடு பாடுகிற குரல் வேறு.

வாழி பாடும்போது ஊர்க்காரர்கள், வரிக்காரர்கள், பந்தல் போட்டவர், ரேடியோ செட்காரர் என்று ஒருவர் விடாமல் வாழ்த்துவார்கள், அதுவரை இருங்கள். வில்லை அவிழ்த்துக் கட்டும்போது புலவர் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, அடுத்து எந்த ஊர்ல?" என்று கேளுங்கள். ஊரும் கிழமையும் சொல்வார், சில பேர் என்ன கதை என்றும் சொல்வார்கள். செல்போனில் குறித்துக்கொண்டு முதல் பேருந்துக்கு நடக்க வேண்டியதுதான்.